கடலுக்கு வேலி!

கடலுக்குக் கதவில்லை. அலைக்குத் தாழ்ப்பாளில்லை. கரையைத் தொட்டுத் திரும்பும் நீர், தன்னில் கால் நனைப்பவன் எந்தக் குலத்தான், எந்த மதத்தான், மடியில் எத்தனை காசு முடிந்து வைத்திருப்பவன் என்று கேட்டறிந்து பாய்வதில்லை. இயற்கை இப்படி இருக்கிறது. மனிதன் எப்படி இருந்தான்? மண்ணைப் பிரித்தான், ஊரைப் பிரித்தான், உண்ணும் கலத்தைப் பிரித்தான், அதோடு அமைந்தானில்லை. கடலையும் பிரித்தான்! அலை வந்து அழிக்கும் மணலின்மீது வேலி நட்டான். "இன்னார் வரலாம், இன்னார் வரலாகாது" என்று எழுதி வைத்தான்.

அந்த வேலியை எழுப்பியவர் யார்? அது எவ்விதம் சாய்ந்தது? முற்றிலும் சாய்ந்துவிட்டதா? இவற்றை அறிய, உலகப் புகழ் பெற்ற உல்லாசக் கடற்கரை ஒன்றுக்கு நாம் போய் வருதல் வேண்டும். வேடிக்கை பார்க்கப் போகும் இடந்தான். ஆனால் வேடிக்கைக்குப் பின்னே வரலாறு நிற்கிறது.

நியூயார்க் மாநகரின் தென்கோடியில், புரூக்லின் பகுதி அட்லாண்டிக் பெருங்கடலைச் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது கோனித் தீவு. பெயர்தான் தீவு, இடையே ஓடிய ஓடையின் ஒரு பகுதியைத் தூர்த்துவிட்டதால் இன்று அது நிலத்தோடு ஒட்டிய முனை. நகர ரயிலில் ஏறிக் கடைசி நிலையமான ஸ்டில்வெல் அவென்யூவில் இறங்கினால் உப்புக் காற்று முகத்தில் வந்து மோதும். 1920-ஆம் ஆண்டு முதல் சுழலும் 'வொண்டர் வீல்' என்னும் பேரிராட்டினம், 1927-ஆம் ஆண்டு முதல் மக்களை அலற வைக்கும் 'சைக்ளோன்' என்னும் மர உருளைப்பாதை, இயங்குவதை நிறுத்திவிட்டபோதும் எலும்புக்கூடென எழுந்து நிற்கும் பாரசூட் கோபுரம், கடலை ஒட்டி இரண்டரை மைலுக்கு மேல் நீளும் மரப்பலகை நடைபாதை இவையெல்லாம் கண்ணில் படும். நுழைவுக் கட்டணமின்றி எவரும் மணலில் இறங்கலாம். "எவரும்" என்கிறோமே, அந்தச் சிறு சொல்லுக்காகச் செலவான காலம் சிறிதன்று.

ஆபத்தான பெண்

முதலில் அது ஐரோப்பியர் நிலமன்று; லெனாபி மக்களின் நிலம். டச்சுக்காரர் வந்தனர், வாங்கினோம் என்று பத்திரம் எழுதிக்கொண்டனர். நிலத்தை விற்பது என்னும் வழக்கமே இல்லாத மக்களிடம் நிலத்தை வாங்குவது எத்துணை எளிது!

அந்தப் பகுதியில் கிரேவ்சென்ட் என்ற ஊரை அமைத்தவர் ஒரு பெண்மணி: டெபோரா மூடி. கணவனை இழந்தவர், செல்வக் குடியில் பிறந்தவர், இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்கு வந்தவர். பச்சிளங் குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்விப்பதற்குச் சான்றில்லை என்று அவர் கருதினார். கருதியது மட்டுமன்று, வெளியே சொல்லவும் செய்தார். விடுவார்களா? மதக் கொடுமைக்கு அஞ்சித் தாய்நாட்டைவிட்டு ஓடி வந்தவர்கள்தாம் அந்தக் குடியேற்றத்தின் தலைவர்கள். ஆயினும், தம்மினும் வேறாக ஒரு பெண் சிந்திப்பதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. ஆபத்தானவள் என்றனர். மூடி அம்மையார் மண்டியிடவில்லை, மூட்டை கட்டினார். டச்சு ஆட்சிப் பகுதிக்கு வந்து, 1645-ஆம் ஆண்டு ஊருக்கான உரிமைப் பட்டயம் பெற்றார். அந்தப் பட்டயத்திலேயே மனச்சான்றின் உரிமை எழுதப்பட்டது. மதத்தின் பெயரால் எவரும் துன்புறுத்தப்படலாகாது என்பது அதன் பொருள்.

கோனித் தீவு அந்த ஊரின் பொது நிலமாயிற்று. மாடு மேயும் வெளி. முயல் ஓடும் மணல்மேடு. எண்ணத்துக்கு வேலி கூடாதென்ற ஒருத்தியின் ஊர் அது. இரு நூற்றாண்டுகள் கழித்து அதே மண்ணில் என்ன நடந்தது?

பக்திமானும் பகல் கொள்ளையும்

1829-ஆம் ஆண்டு அங்கே முதல் விடுதி எழுந்தது. உள்நாட்டுப் போர் முடிந்தபின் இருப்புப்பாதைகள் வந்தன. இருப்புப்பாதை வந்தால் நிலத்துக்கு விலை வரும். விலை வந்தால் அதை விழுங்க வாயும் வரும். அந்த வாயின் பெயர் ஜான் மக்கேன்.

தச்சனாகத் தொடங்கி, கட்டடம் கட்டுபவனாகி, ஊர்ப் பொது நிலத்தின் பொறுப்பாளனாகி, ஊராட்சித் தலைவனாகி, போலீசுக்கும் தலைவனாகியவன் அவன். ஊரார் அனைவர்க்கும் உரிய கடற்கரையை வேண்டியவர்களுக்குச் சொற்ப வாடகைக்கு விட்டான். சூதாட்டமும் சாராயமும் அவன் நிழலில் செழித்தன. ஞாயிற்றுக்கிழமையானால் அதே மக்கேன் திருச்சபைப் பள்ளியின் மேற்பார்வையாளன்! ஆறு நாள் அள்ளியதற்கு ஏழாம் நாள் ஆண்டவனிடம் வரவு வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று எண்ணினான் போலும். இப்படிப்பட்ட கணக்கர்களை எந்த நாட்டில்தான் காணவில்லை!

1893-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க, நீதிமன்ற ஆணையோடு வந்தவர்களை அவன் ஆட்கள் அடித்து விரட்டினர். நீதிமன்ற ஆணை தன் ஊரில் செல்லாது என்று கொக்கரித்தான் மக்கேன். மறு ஆண்டே சிங் சிங் சிறைச்சாலை அவனை ஏற்றுக்கொண்டது. அதே 1894-இல் கிரேவ்சென்ட் ஊர் புரூக்லின் நகரோடு இணைக்கப்பட்டது. பொது நிலத்தின் பெரும் பகுதியோ அதற்குமுன்பே கை மாறிவிட்டது.

சீமான் கட்டிய எல்லை

அப்படிக் கை மாறிய நிலத்தில் சிறந்தது கிழக்கு முனை. அதைக் கைக்கொண்டவர் ஆஸ்டின் கார்பின் என்னும் வங்கி முதலாளி, இருப்புப்பாதை அதிபர். மன்ஹாட்டன் பீச் என்று அதற்குப் பெயரிட்டு, 1877-இல் மாபெரும் விடுதி ஒன்றைத் திறந்தார். அகன்ற தாழ்வாரங்கள், பசும்புல் தரைகள், இசைக்குழுக்கள் என்று சீமான்களும் சீமாட்டிகளும் கோடையைக் கழிக்க ஏற்ற எழில் மாளிகை!

1879-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நியூயார்க் ஹெரால்ட் நாளேட்டின் வாயிலாகக் கார்பின் அறிவித்தார்: யூதர்கள் மன்ஹாட்டன் பீச்சுக்கு வருவதை விரும்பவில்லை என்று. குற்றம் செய்த யூதன் ஒருவனைப் பற்றிய பேச்சன்று அது. யூத இனம் முழுவதையும் பற்றிய பேச்சு. என்ன காரணம் காட்டினார்? அவர்கள் வந்தால் மற்ற வாடிக்கையாளர் வரமாட்டார்களாம், தொழில் கெடுமாம்! இரண்டாண்டுகளுக்கு முன்புதான் சாரடோகா நகரில், ஜோசப் செலிக்மன் என்ற யூத வங்கியாளருக்குப் பெரிய விடுதி ஒன்று இடம் மறுத்திருந்தது. உள்நாட்டுப் போரின்போது அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களை விற்றுத்தர உதவியவர் அந்தச் செலிக்மன். நாடு தத்தளித்த நேரத்தில் அவரது பணம் இனித்தது. நாடு நிமிர்ந்தபின் அவரது பிறப்பு கசந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான். பழைய உலகத்து வெறியன் வேதத்தைக் காட்டி ஒதுக்கினான். புதிய உலகத்து முதலாளி வரவு செலவுக் கணக்கைக் காட்டி ஒதுக்கினார். "எனக்கு வெறுப்பில்லை ஐயா, என் வாடிக்கையாளருக்குப் பிடிக்காது" என்னும் பேச்சு அன்று பிறந்து இன்றும் சாகாத பேச்சு. வீடு வாடகைக்குக் கேட்டுப் போகிறவனிடம், "எனக்கொன்றுமில்லை, அக்கம்பக்கத்தார்தாம்..." என்று இழுக்கிறார்களே, அந்த இழுப்பின் மூதாதை கார்பினின் அறிக்கை.

பாட்டாளியின் ஞாயிறு

கிழக்கு முனையில் கார்பினின் மாளிகை, மேற்கே கூட்டம். தையற்கூடத்தில் முதுகு வளைந்தவன், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன், கடையில் பத்து மணிநேரம் நின்று கால் கடுத்த பெண், அடுக்குக் குடியிருப்பின் இருட்டறையில் வாழ்ந்த இத்தாலியன், ஐரிஷ்காரன், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து உயிர் பிழைத்து வந்த யூதன் எல்லோரும் வாரத்தில் ஒரு நாள் மூச்சுவிட வந்த இடம் அது.

அந்த ஒரு நாள் ஞாயிறு. அன்றுதான் பாதிரிமார்க்கும் கோபம் வரும். ஓய்வுநாளில் பாட்டா? ஆட்டமா? கடற்கரையைச் சோதோம் என்றனர். கடைகளை மூடு என்றனர். ஆறு நாளும் ஓய்வெடுக்கும் சீமான் ஏழாம் நாள் கோயிலில் அமர்வது எளிது. ஆறு நாளும் உழைத்தவனுக்குக் கடல் கிடைப்பது அந்த ஏழாம் நாள் ஒன்றில்தானே! அதைப் பூட்டச் சொல்வது அறமா?

வேடிக்கை என்னவெனில், பக்தர் ஒருவரே வேறு வழி கண்டார். லாமார்க்கஸ் தாம்சன் என்பவர் காலுறை செய்து பொருள் ஈட்டியவர், மதப்பற்றுள்ளவர். சாராயக் கடையைத் திட்டுவதைவிட, அதைக் காட்டிலும் நல்ல இன்பம் ஒன்றைத் தருவது மேல் என்று எண்ணினார். 1884-ஆம் ஆண்டு கோனித் தீவில் மேடு பள்ளமாக ஓடும் மரத் தண்டவாளத்தில் வண்டி விட்டார். மணிக்கு ஆறு மைல் வேகம். கட்டணம் ஐந்து சென்ட். இன்று உலகெங்கும் ஓடும் உருளைப்பாதைகளுக்கு அதுவே வழிகாட்டி.

அதன்பின் வந்தன மூன்று பெரும் பூங்காக்கள். 1897-இல் ஜார்ஜ் டில்யூவின் ஸ்டீபிள்சேஸ். அங்கே இரும்புப் பாதையில் மரக்குதிரைகள் ஓடும். சீமான் உண்மைக் குதிரைமீது பந்தயம் கட்டினான். தொழிலாளி மரக்குதிரைமீது தானே ஏறிப் பந்தயம் ஓடினான்! 1903-இல் லூனா பூங்கா: இரண்டரை லட்சம் மின்விளக்குகள். 1904-இல் ட்ரீம்லாண்ட், அதாவது கனவுலகம்: பத்து லட்சம் விளக்குகள் என்று பறைசாற்றப்பட்டது, 375 அடிக் கோபுரம். மண்ணெண்ணெய் விளக்கடியில் படுத்தவனுக்கு இரவைப் பகலாக்கும் காட்சி! ஆணும் பெண்ணும் அறிமுகமில்லாமலே அருகருகே அமர்ந்து சிரித்தனர். பெற்றோரின் காவலும் ஊராரின் முணுமுணுப்பும் எட்டாத இடத்தில், தன் கூலியிலிருந்து தானே சீட்டு வாங்கிய இளம்பெண் நிமிர்ந்து நடந்தாள். ஒழுக்கம் கெட்டது என்று ஓலமிட்டவர் பலர். கெட்டது ஒழுக்கமன்று, அவர்களது ஆதிக்கம்.

விளக்கடியில் இருள்

இப்படிச் சொல்வதால், அங்கே எல்லாம் நன்றே நடந்தது என்று எண்ணிவிடலாகாது. விளக்கு மிகுந்த இடத்தில் இருளும் மிகுந்திருந்தது.

டாப்சி என்றொரு யானை. ஆசியக் காட்டில் பிறந்து, அமெரிக்கச் சர்க்கஸில் அடிபட்டு, லூனா பூங்காவைக் கட்டும்போது மரம் இழுத்தது. எரியும் சுருட்டால் துதிக்கையைச் சுட்டவனை முன்னர் அது கொன்றிருந்தது. சுட்டவன் குற்றம் மறக்கப்பட்டது. யானையின் குற்றம் மறக்கப்படவில்லை. 1903-ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று நஞ்சூட்டி, 6,600 வோல்ட் மின்சாரம் பாய்ச்சி, கழுத்தில் கயிறிட்டு இறுக்கி அதைக் கொன்றனர். அதைத் திரைப்படமாகவும் எடுத்தனர்! மின்சாரம் அறிவின் கொடை. ஆனால் அறிவின் கொடை அன்பில்லாதவன் கையில் விழுந்தால் கொலைக்கருவி.

யானையோடு நிற்கவில்லை. 1905-இல் பிலிப்பைன் மலைகளில் வாழும் போண்டோக் இகோரோட் மக்கள் ஏறத்தாழ ஐம்பது பேரை லூனா பூங்காவுக்குக் கொண்டுவந்தான் ட்ரூமன் ஹன்ட் என்பவன். தம் ஊரில் சடங்கு நாளில் மட்டும் நாயிறைச்சி உண்பவர்கள் அவர்கள். இங்கேயோ நாள்தோறும் நாயைக் கொன்று தின்று காட்டவேண்டும் என்று ஆக்கப்பட்டனர். காட்டுமிராண்டிகளைப் பாரீர் என்று காசு பறித்தனர். அவர்களுக்குத் தருவதாகச் சொன்ன ஊதியத்தையே ஹன்ட் விழுங்கிவிட்டான் என்று 1906-இல் கைது செய்யப்பட்டான். கூண்டுக்குள் இருந்தவர் உழைப்பாளிகள். வெளியே நின்று வசூலித்தவன் திருடன். யார் காட்டுமிராண்டி?

கறுப்பு மனிதன் ஒருவனைத் திரைத் துளையில் தலை நீட்டி நிற்கச் செய்து, அந்தத் தலையைக் குறிபார்த்துப் பந்தெறியும் 'விளையாட்டும்' இருந்தது. அமெரிக்கச் சந்தைகள் பலவற்றில் நடந்த இந்தக் கொடுமைக்குக் கோனித் தீவும் இடம் தந்தது. பந்தெறிந்தவர் யார்? தாமே ஒதுக்கப்பட்ட ஏழைகள் பலர். அதுதான் நெஞ்சைச் சுடுகிறது. மேலே இருப்பவன் மிதித்தால் வலிக்கிறது என்பவன், கீழே ஒருவன் கிடைத்ததும் காலைத் தூக்குகிறான்.

கட்டிய நரகமும் காத்த அறிவும்

ட்ரீம்லாண்டில் வேத நூலின் படைப்புக் கதையைக் காட்டும் 'கிரியேஷன்' என்றொரு அரங்கு. உலக முடிவைக் காட்டும் காட்சி ஒன்று. 'ஹெல் கேட்', அதாவது நரகவாயில், என்று படகுச் சுழல் ஒன்று. படைப்பும் முடிவும் நரகமும் எல்லாம் அட்டையாலும் சாந்தாலும் சாயத்தாலும் ஆனவை.

1906-இல் அமெரிக்கா வந்த ரஷ்ய எழுத்தாளர் மாக்சிம் கார்க்கி கோனித் தீவைக் கண்டார். தம்முடன் வந்த அம்மையார் சட்டப்படி மணந்த மனைவியல்லர் என்பதற்காக நியூயார்க் விடுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். 'சலிப்பு' என்ற தலைப்பில் கட்டுரை எழுதினார். தொலைவில் தெரியும் ஒளி வெள்ளத்தை வியந்தார். அருகில் வந்து பார்த்தபின் வெறுத்தார். அட்டை நரகத்தைக் காட்டி ஏழையை அச்சுறுத்துவதும், பொருளற்ற கேளிக்கையில் அவன் உணர்வை மழுங்கடிப்பதும் ஒரே வேலை என்பது அவர் கருத்து. அவருக்கு முன்பே, 1881-இல், கியூபாவின் விடுதலைக் கவிஞர் ஹோஸே மார்த்தி இதே கடற்கரையின் பெருங்கூட்டத்தை வியப்பும் கவலையும் கலந்து எழுதினார்.

கார்க்கியின் எச்சரிக்கையை எளிதில் தள்ளலாகாது. கேளிக்கை போதையாவதுண்டு. ஆனால் உழைப்பவனின் சிரிப்பை எல்லாம் போதை என்று தள்ளுவதும் நேர்மையன்று. அவன் சிரிப்பில் தவறில்லை. அவன் சிரிப்பைக் காசாக்குகிறவன் அவன் சிந்தனையையும் விலைக்கு வாங்கும்போதுதான் தவறு நேருகிறது.

1911-ஆம் ஆண்டு மே 27. கோடைத் திறப்புக்குச் சில மணிநேரமே இருந்த நள்ளிரவு. நரகவாயிலில் தண்ணீர்க் கசிவை அடைக்கக் கொதிக்கும் தார் பூசிக்கொண்டிருந்தனர். விளக்கு அணைந்தது, இருட்டில் தார் வாளி கவிழ்ந்தது, தீப்பற்றிக்கொண்டது. விடிவதற்குள் நரகமும் எரிந்தது, படைப்பும் எரிந்தது, பத்து லட்சம் விளக்குகளும் சாம்பலாயின. நாள்தோறும் தீயை அணைப்பதாக நாடகம் காட்டிய பூங்காவை, உண்மைத் தீ வந்தபோது எவராலும் காக்க இயலவில்லை. ட்ரீம்லாண்ட் மீண்டும் எழவேயில்லை.

ஆனால் அந்தத் தீயிலிருந்து காப்பாற்றப்பட்டவர்களை நினைக்க வேண்டும்: குறைமாதத்தில் பிறந்த பச்சிளங் குழந்தைகள்!

மார்ட்டின் கௌனி என்பவர் கோனித் தீவில் ஒரு கூடம் நடத்தினார். கண்ணாடிப் பெட்டிகளுக்குள், அளவான வெப்பத்தில், உள்ளங்கை அளவுக் குழந்தைகள். பார்க்க வருவோர் 25 சென்ட் தரவேண்டும். பெற்றோரிடமோ ஒரு காசும் வாங்கமாட்டார். அந்நாளில் மருத்துவமனைகள் பெரும்பாலும் இத்தகைய குழந்தைகளைக் கைவிட்டன. கடவுள் விட்ட வழி என்று பெற்றோர் கண்ணீர் விட்டனர். கௌனி கைவிடவில்லை. காப்புப் பெட்டி, தூய்மை, தாய்ப்பால், கண்ணுறங்காச் செவிலியர் இவற்றால் 1903 முதல் 1943 வரை ஏறத்தாழ 8,000 குழந்தைகளை ஏற்று, 6,500 பேரைப் பிழைக்க வைத்தார் என்பது கணக்கு. அவர் முறையாக மருத்துவப் பட்டம் பெற்றவர் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. நியூயார்க் மருத்துவமனையொன்றில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தனிப்பிரிவு வந்ததும், தம் வேலை முடிந்தது என்று கூடத்தை மூடினார்.

எண்ணிப் பாருங்கள்! ஒருபுறம் அட்டை நரகம். மறுபுறம் கண்ணாடிப் பெட்டி. முன்னது செத்தபின் நேர்வதாகச் சொல்லி அச்சுறுத்தியது. பின்னது சாக இருந்தவனை வாழ வைத்தது. இரண்டுக்கும் ஒரே தெருவில் சீட்டு விற்றனர். ஆனால் வெட்கம் யாருக்கு உரியது? செல்வங் கொழித்த நாடு தன் குழந்தைகளின் உயிருக்குச் செலவிட மறுத்து, அதை வேடிக்கைக் கூடத்தின் வசூலுக்கு விட்டதே, அந்த நாட்டுக்கு உரியது.

ஐந்து சென்ட் செய்த புரட்சி

பொதுமக்கள் கடற்கரை என்று பெயர் இருந்ததே தவிர, மணலில் பெரும் பகுதி தனியார் கையில் இருந்தது. குளியல் விடுதிக்காரர்கள் அலைவரை வேலி போட்டிருந்தனர். உடைமாற்றும் அறைக்குக் கட்டணம் தந்தவனுக்கே கடல். தராதவன் வேலிக்கு இப்புறம் நின்று அலையோசை கேட்கலாம்! கரையோர நிலம் மக்களுடையது என்று மாநில அரசு ஸ்டீபிள்சேஸ் பூங்காமீது தொடுத்த வழக்கு, 1916-இல் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயிற்று. அதே 1916-இல் நேதன் ஹேண்ட்வெர்க்கர் என்ற போலந்து யூதர், தாம் முன்பு வேலை பார்த்த பெரிய உணவகத்தில் பத்து சென்டுக்கு விற்ற இறைச்சி ரொட்டியை ஐந்து சென்டுக்கு விற்கத் தொடங்கினார்.

1920-இல் நகர ரயில் ஸ்டில்வெல் அவென்யூ வரை வந்தது. நகரத்தின் எந்த மூலையிலிருந்து புறப்பட்டாலும் ஐந்து சென்ட்! நகராட்சி கடற்கரையைப் பொதுவாக்கியது, வேலிகள் பிடுங்கப்பட்டன, மணல் கொட்டிக் கரை அகலமாக்கப்பட்டது. 1923-ஆம் ஆண்டு மே 15 அன்று, 80 அடி அகல நடைபாதை திறக்கப்பட்டது. கோடை நாளொன்றில் பத்து லட்சம் பேர் திரண்டனர் என்று அக்கால ஏடுகள் எழுதின. 1940-ஆம் ஆண்டு ஜூலையில் 'வீஜி' என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரர் எடுத்த படம் இன்றும் இருக்கிறது. அதில் மணல் தெரியவில்லை. மனிதத் தலைகளே தெரிகின்றன.

மாளிகைகளின் கதை என்னாயிற்று? கார்பினின் விடுதிகள் 1910-களிலேயே தரைமட்டமாயின. "நீ வந்தால் தொழில் கெடும்" என்றவர் தொழில் மடிந்தது. ஐந்து சென்டுக்கு எல்லோரையும் வா என்றழைத்த கடற்கரை வாழ்ந்தது.

எஞ்சிய வேலி

ஆனால் காசு என்னும் வேலி சாய்ந்தபோதும் நிறம் என்னும் வேலி சாயவில்லை. பொது இடங்களில் இனம், நிறம் பார்த்து இடம் மறுக்கலாகாது என்று நியூயார்க் மாநிலம் 1895-இலேயே சட்டம் செய்தது. "இன்னாருக்கு இடமில்லை" என்று விளம்பரம் செய்வதையும் 1913-இல் தடுத்தது. சட்டம் தாளில் இருந்தது. தடை வாயிலில் இருந்தது.

மற்ற ஊர்களில் நிலைமை இன்னும் கொடிது. சிகாகோவில் 1919-ஆம் ஆண்டு ஜூலை 27 அன்று, யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பு இளைஞன் ஏரியில் கட்டுமரத்தில் மிதந்து சென்றான். வெள்ளையர் பகுதி என்று எவரும் கோடு கிழித்திராத நீர்ப்பரப்பில், கண்ணுக்குத் தெரியாத எல்லையைக் கடந்துவிட்டான். கல்லெறிந்தனர், மூழ்கி மாண்டான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மடிந்தனர். தண்ணீரில் கோடு கிழிக்க முடியாது. ஆனால் மனத்தில் கிழித்த கோடு தண்ணீரிலும் கொன்றது.

மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்சி நகரில், மத்திய அரசின் பணத்தால் அமைந்த 26 மைல் கடற்கரையில் கறுப்பு மக்கள் கால் வைக்கலாகாது. கில்பர்ட் மேசன் என்ற மருத்துவர் 1959-இல் அங்கே சென்று குளித்தார். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று 125 பேர் அளவில் அவரோடு மணலில் இறங்கினர். தடியும் சங்கிலியும் கொண்டு ஒரு வெறிக்கும்பல் தாக்கியது. அவர்கள் மீண்டும் இறங்கினர். வழக்காடி 1968-இல் வென்றனர்.

இந்த வேலி நம்மவரையும் தொட்டது. 1860-இல் சென்னையிலிருந்து சென்ற 'துரூரோ' கப்பல் தொடங்கி, கரும்புத் தோட்டக் கூலிகளாக நேட்டால் போன தமிழரின் வழித்தோன்றல்கள் வாழும் டர்பன் நகரம் பெயர் பெற்ற உல்லாசக் கடற்கரை. 1953-ஆம் ஆண்டின் தனித்தனி வசதிச் சட்டத்தின் கீழ் அங்கே மணல் கூறு போடப்பட்டது: வெள்ளையர்க்கு ஒரு கூறு, ஆப்பிரிக்கர்க்கு ஒரு கூறு, கலப்பினத்தார்க்கு ஒரு கூறு, இந்தியர்க்கு ஒரு கூறு. 1989-இல் எல்லா நிறத்தாரும் திரண்டு, தடை செய்த கடலில் இறங்கினர். 1990-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

கோனித் தீவுக்கே திரும்புவோம். 1964-இல் ஸ்டீபிள்சேஸ் மூடப்பட்டது. அதை வாங்கிய ஃபிரெட் டிரம்ப் என்ற வீடு கட்டும் முதலாளி, 1966-இல் அதன் கண்ணாடி மண்டபத்தை இடிப்பதற்கு விருந்து வைத்து, வந்தவர்கள் கையில் செங்கல்லைக் கொடுத்து எறியச் சொன்னார். அங்கே அடுக்கு வீடு கட்டும் அவர் எண்ணம் ஈடேறவில்லை. அவர் கட்டிய வேறு குடியிருப்புகளில் கறுப்பு மக்களுக்கு வீடு மறுக்கப்படுவதாக 1973-இல் மத்திய நீதித்துறை வழக்குத் தொடுத்தது. வழக்கில் அவர் மகன் டொனால்டும் பிரதிவாதி. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 1975-இல் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. மணலில் வேலி வீழ்ந்தால் வீட்டு வாயிலில் எழுகிறது. அங்கே வீழ்ந்தால் வேறெங்கோ எழுகிறது. வேலி போடுகிறவன் ஓய்வதில்லை.

பெயர்ப்பலகை சொல்வது

கார்பின் தடைசெய்த மன்ஹாட்டன் பீச் இன்று என்ன ஆயிற்று? யூதக் குடும்பங்கள் பெருவாரியாக வாழும் பகுதி அது. அதன் ஓரத்தில் ஒரு தெரு: கார்பின் பிளேஸ். தம் மூதாதையை வெறுத்தவரின் பெயர் தம் வாயிலில் நெடுங்காலம் தொங்குவதை அறிந்த மக்கள் கேள்வி எழுப்பினர். 2007-இல் நகர மன்றம் முடிவு செய்தது. பலகையில் எழுத்து மாறவில்லை. ஆனால் அந்தப் பெயர் இனி, அமெரிக்க விடுதலைப் போரில் வீழ்ந்த கணவனின் பீரங்கியைத் தானே இயக்கிப் போரிட்ட மார்கரெட் கார்பின் என்னும் வீராங்கனையைக் குறிக்கும்! வெறுப்பை விதைத்த சீமானின் பெயரை, உறவேதுமில்லாத ஒரு வீரப்பெண் எடுத்துக்கொண்டாள்.

இந்தக் கடற்கரை நமக்குக் கூறுவது என்ன? டெபோரா மூடி எழுதி வாங்கிய உரிமை இரு நூற்றாண்டில் மறக்கப்பட்டது. ஆகவே பெற்ற உரிமை தானே நிற்பதில்லை. 1895-இன் சட்டம் வாயிலைத் திறக்கவில்லை. ஆகவே எழுதிய சட்டம் தானே நடப்பதில்லை. ஐந்து சென்ட் ரயிலும் நகராட்சியின் நடைபாதையும் அறவுரைகள் செய்யாததைச் செய்தன. ஆகவே சமத்துவம் பேசுவோர் பொதுப்பணத்தையும் பொதுநிலத்தையும் காக்க வேண்டும். தடியடிக்கு அஞ்சாமல் மீண்டும் மணலில் இறங்கியவர்களால்தான் கடைசி வேலி சாய்ந்தது. ஆகவே உரிமை என்பது கால் வைத்து நடந்து பெறுவது.

அலை இன்றும் கோனித் தீவின் கரையில் மோதுகிறது. அங்கே யாரும் அதற்குச் சீட்டுக் காட்டுவதில்லை. நம் ஊர்ப் பொதுக்கிணற்றிலும், தெருவிலும், மண்டபத்திலும், வாடகை வீட்டு வாயிலிலும் சீட்டுக் கேட்போர் எவரேனும் உளரா என்று, இளைஞர்களே, நீங்கள்தாம் பார்த்துச் சொல்ல வேண்டும். உளர் எனில், என்ன செய்வதென்று பிலாக்சியின் மணலும் டர்பனின் அலையும் முன்பே சொல்லிவிட்டன.